இரண்டு நிலையங்களுக்கு நடுவே

காற்று மிஞ்சிப்போனால்
நகராட்சிக்காரர்கள் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
புன்தா அரேனசில் இது பேச்சே இல்லை.
பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

கயிறு கட்டிய ஒரு வியாழனன்று
எர்சீராவின் மூன்றாம் மாடிக்குப் போனேன்.
சட்டையில் குத்திக்கொள்ள அட்டை தந்திருந்தார்கள்:
நிபால்தோ ஓயார்சுன், துணைவர்.
பதினோரு வருடம் என்னை நோயாளி என்று எழுதிய
அதே எழுத்தரின் அதே கோணல் கையெழுத்து.

கதவு திறக்கவில்லை.
படியில் உட்கார்ந்தேன்.
உள்ளே வானொலி.
இரண்டு நிலையங்களுக்கு நடுவே
வேண்டுமென்றே நிறுத்திய இரைச்சல்.
அந்த இடம் எனக்குத் தெரியும்.
நானும் முள்ளை அங்கேதான் வைப்பேன்,
மற்ற குரல்கள் அதில் மூழ்கட்டும் என்று.

டாக்டரிடம் இதைச் சொன்னதில்லை.
கதவிடம் சொன்னேன்.

இரைச்சல் கொஞ்சம் தணிந்தது.

மூன்றாவது வியாழன்
கதவின் கீழிடுக்கிலிருந்து கேள்வி வந்தது:
உனக்கு எத்தனை மில்லிகிராம்?
சொன்னேன்.
தூக்கத்தில் எச்சில் வழியுமா?
வழியும். தலையணைமேல் துண்டு விரிப்பேன்.
என்ன நிறத் துண்டு?
இதுவரை யாரும் கேட்டதில்லை.
பச்சை, என்றேன்.
சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.

ஏழாவது வாரம் திறந்தாள்.
மாத்தே போட்டாள்.
ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்,
கைமாற்றிக் குடிப்பதுதான் இந்த ஊர் வழக்கம்.
ஆறு வருடமாக
நானே ஊற்றி எனக்கே நீட்டிக்கொண்டிருந்தேன், என்றாள்.
என் கை நடுங்கி மேசையில் சிந்தியது.
துணி தேடினேன்.
விடு, காய்ந்துபோகும்.
மேசை முழுக்கப் பழைய வட்டங்கள்.

பயிற்சியில் தந்த தாள்
பையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.
நண்டுத் தொழிற்சாலையில் ஓடு உடைத்ததைச் சொன்னேன்.
தங்கை போன் நம்பரை மாற்றிக்கொண்டதை அவள் சொன்னாள்.
பிறகு பேச ஒன்றும் இல்லை.
ப்ரிட்ஜ் ஒருமுறை நின்று,
உறுமி, மறுபடி ஓடியது.
உனக்கும் கேட்டதா?
கேட்டது.
அவள் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன்.

ஜனவரி.
இரவு பத்தரைக்கும் வெளிச்சம் வடியாத நாட்கள்.
இரண்டு வியாழன் நான் போகவில்லை.
சுவர்கள் என் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தன,
அம்மா வழிப் பெயரும் சேர்த்து, முழுதாக.
முள்ளை எங்கே வைத்தாலும் அதே பெயர்.

யாரோ தட்டினார்கள்.
எழவில்லை.
தட்டுவதும் சுவராக இருக்கலாம்.

பிறகு, வாசற்படியில் ஒரு உடம்பு உட்காரும் சத்தம்.
மூச்சு வாங்குகிறது.
மாத்திரை ஏற்றிய எடை,
அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

பஸ் ஓடவில்லை, என்றாள் எர்சீரா கதவிடம்.
கயிற்றைப் பிடித்தே வந்தேன்.
கடைசி மூன்று தெருவில் கயிறும் இல்லை.

அங்கே எப்படி வந்தாய்?
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

திட்டிக்கொண்டே வந்தேன்.
யாரை?
உன்னைத்தான், வேறு யாரை?
பிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறது,
ஆறிப்போனால் உன் தப்பு.

இந்த வீட்டுத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும்,
இரண்டு கையும் வேண்டும்.

பொறு, என்றேன்.