இடப்பக்கக் கதவு

'பெய்ரூட் துறைமுகம்' என்று திரையில் எழுத்து விழுந்ததும்
சாட்ஸ்வர்த் கொட்டகையே கெக்கலித்தது.
பின்னால் தெரிவது மேடன் வார்ஃபின் சர்க்கரைக் கிடங்கு.
அரபுப் பலகைகள் மாட்டி எல்லாவற்றையும் மறைத்தவர்கள்
எத்தெக்வினி நகராட்சியின் குப்பைத்தொட்டி ஒன்றை
மறந்துவிட்டார்கள்.
"அது எங்க தெருவுது" என்றது நான்காம் வரிசை.
போதாததற்கு
உளவாளி மூச்சடக்கிச் சுவரோடு ஒட்டி நிற்கையில்
எங்கேயோ ஒரு ஹடீடா கத்தியது,
யாரைக் கேட்டு இங்கே ஷூட்டிங் என்பதுபோல.

சிரித்தோம். சிரித்தபடியே
சமோசாப் பொட்டலத்தை மடியில் இறக்கிவிட்டு
நிமிர்ந்தும் உட்கார்ந்தோம்.
துரத்தி வருகிறவர்கள் ஏழு பேர்.

அப்போதுதான் எங்கள் கார் வந்தது.

வெள்ளை கொரோலா, தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தது.
போன ஜூலையில் படக்காரர்களுக்குப் பூபாலன் விற்றது.
கேட்ட பதினாலாயிரம் ராண்டை அப்படியே எண்ணித் தந்தார்கள்;
கூடக் கேட்டிருக்கலாம் என்று இன்னும் புலம்புகிறான்.
கொளுத்தத்தான் வாங்குகிறோம் என்பதை
அவர்கள் ஒளிக்கவில்லை.

உளவாளி இரண்டு கம்பிகளை உரசினான்.
ஒரே உரசல். பிடித்துக்கொண்டது.
இருட்டில் பூபாலன் என் முழங்கையை இடித்தான்:
"சாவி போட்டே நாலு தரம் கெஞ்சணும் அதுக்கு!"

கன்டெய்னர் சந்துக்குள் பாய்கிறது கார்.
வலப்பக்கம் இரும்பில் உரசி நசுங்குகிறது,
இனி அந்தப் பக்கம் இறங்க முடியாது.
அடியில் குண்டு. சிவப்பு எண்கள். ஒன்பது, எட்டு.
தாவி என் இருக்கைக்கு வருகிறான்.

என் இருக்கை. பதினோரு வருஷம்.
அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது.

முந்நூறு பேருக்குக் குண்டைப் பற்றிப் பயம்,
எனக்குக் கதவைப் பற்றி.
கண்ணாடியை இறக்கு, மடையா,
பாதியில் சிக்கும், உள்ளங்கையால் அழுத்து,
கையை வெளியே விட்டு வெளிப்பிடியைத் தூக்கு.
மார்க்கெட் வாசலில், கோயில் வாசலில்,
மொகாம்பரியின் சாவுக்கு மழையில் போய் இறங்கியபோது
சேலைத்தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு
நான் செய்த வித்தை.
ஐந்து பாஸ்போர்ட், எட்டு பாஷை, பொத்தானில் கேமரா
எல்லாம் கொடுத்து அனுப்பியவர்கள்
இதைச் சொல்லி அனுப்பவில்லை.

மூன்று. இரண்டு.

சும்மா திறந்தான். உள்ளிருந்தே. உருண்டான்.
எங்கள் கார் ஆரஞ்சு நிறத்தில் எழும்பி
டிக்கி தனியே, சக்கரம் தனியே
கடலுக்குள் போயிற்று.
விசில். யாரோ பாப்கார்னை வாரி இறைத்தார்கள்.
வியர்த்த கைகளை நானும் தட்டினேன்.
பூபாலன் தட்டவில்லை. "பொய்" என்றான்.
கட்டிலைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து குதித்ததை நம்பியவன்,
செத்த வில்லன் இரண்டு தரம் எழுந்ததை நம்பியவன்,
ஒரு கைப்பிடியைப் பொறுக்கமாட்டேன் என்கிறான்.

அடுத்த சனிக்கிழமையும் போனோம்.
டிக்கெட் எடுத்தது அவன்தான்.
அதே குப்பைத்தொட்டி. ஹடீடா கத்துமுன்பே
கொட்டகை கத்திவிட்டது.
கதவு திறந்துவிடும், இப்போது எனக்குத் தெரியும்.
இருந்தும் எட்டு வந்ததும்
பூபாலனின் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.
செவ்வாய்க்கிழமை அவன் ஆலையில்
ஆள்குறைப்புப் பட்டியல் ஒட்டப்போகிறார்கள்.
அதற்குச் சிவப்பு எண்கள் ஓடுவதில்லை.
இதற்கு ஓடின. பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தினான்.
தவணையில் வாங்கிய கார்,
எல்லாக் கதவும் எல்லாப் பக்கமிருந்தும் திறக்கும்.
கண்ணாடியை இறக்கி
நான் கையை வெளியே விட்டிருந்தேன்.

பூபாலன் பார்த்தான்.
"மூணு" என்றான் மெதுவாக.
"ரெண்டு."