முக்காற்புள்ளி

மணி ஆறே முக்கால்.
சிந்துபூந்துறையில் கரண்ட் இருக்கிறது, காற்றில்லை.
திசையன்விளையிலிருந்து ஜெபக்கனி அனுப்பிய
நாற்பத்தோரு வரிகள் திரையில்.
பச்சையில் சேர்த்தவை, சிவப்பில் எடுத்தவை.

விஷயம் இவ்வளவுதான்:
ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரம் ஒன்று
ஓடியபடியே வேறு சர்வருக்குக் குடிபோகிறது.
நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத் தூக்கிப் போகையிலேயே
தூக்கிய பக்கங்கள் பின்னால் மாறிவிடும்,
மறுபடி தூக்கணும்.
கடைசியில் ஒரு மூச்சளவு நின்று
அங்கே போய்க் கண் விழிக்கும்.
உள்ளே யாரோ பாதி தட்டிய சொல்
மீதியை அங்கே தட்டி முடிப்பார்.
அவருக்குத் தெரியாது.
தெரியவும் கூடாது.

அதற்கு முன்னால்
எங்கே போவது என்று ஒற்றைச் சரமாய் எழுதித் தருவார்கள்.
அதைப் பிரிக்கத்தான் இந்த நாற்பத்தோரு வரி.

ஜெபக்கனி இடமிருந்து வாசிக்கிறாள்.
முதல் முக்காற்புள்ளி வரை வீடு,
மிச்சம் துறை.
போர்ட்டை நாங்கள் துறை என்றே சொல்வோம்,
படித்துறைகள் உள்ள ஊர்.

பழைய முகவரிகளுக்கு அது போதும்.
புதிய முகவரிகளுக்கோ
உடம்பெல்லாம் முக்காற்புள்ளி.
நடுவில் இரட்டையாய் வேறு வரும்.
முக்காலும் முக்காலும் ஒன்றரை;
அந்த ஒன்றரைக்குள் எத்தனை சுழியம் மடிந்து கிடக்கிறதென்று
எண்ணித்தான் பார்க்கணும்.
இவள் நிரல் வீட்டை நடுவில் அறுத்து
பாதி வீட்டைத் துறை என்கிறது.

'இது தப்பு' என்று தட்டினேன். அழித்தேன்.
'இங்கே ஒரு சிக்கல் இருக்கலாம்.'
இருக்கலாம் என்ன, இருக்கிறது. ஆனாலும்
இருக்கலாம் என்றே விட்டேன்.
கூடவே, பெரிய இவளாட்டம் ஒரு வரி:
வலமிருந்து வா, கடைசி முக்காற்புள்ளியில் வெட்டு.

போன் அடித்தது. கூரியர் பையன்.
'யக்கா, தொறைக்கு வந்துட்டேன். எந்த வீடு?'
'எந்தத் தொறைல நிக்க?'
'குறுக்குத்தொறை.'
'நான் சிந்துபூந்துறைல்லா.'
'கடைசில தொறைன்னுதானக்கா போட்டிருக்கு.'
குக்கர் கேஸ்கட். நூற்றுப்பத்து ரூபாய்.
ஜங்ஷன் வழியாகச் சுற்றி வரச் சொன்னேன்.

சிரித்து முடியவில்லை, ஜெபக்கனியின் பதில்.
கோபமுமில்லை, நன்றியுமில்லை,
ஒரு சோதனை மட்டும்.

    ::1

துறை எழுதாமல் வந்தால் என்ன செய்யணும் அக்கா?

வலமிருந்து வந்தேன்.
கடைசி முக்காற்புள்ளியில் வெட்டினேன்.
ஒன்று என்றொரு துறையும்
வெறும் முக்காற்புள்ளியாய் ஒரு வீடும்
கையில் வந்தன.

எழுந்துபோய் விசிறியைக் கூட்டி வைத்தேன்.

எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஆகாது.
முதலில் அடைப்பைப் பார்க்கணும்.
சதுர அடைப்புக்குள் இருப்பது வீடு, அதைத் தொடாதே;
அது மூடியபின் வரும் புள்ளிக்குத்தான் மரியாதை.
திறந்த அடைப்பு மூடவில்லையா, திருப்பி அனுப்பு.
என் பழைய வரியைக் குறுக்கே அடித்தேன்,
அடித்தது தெரியும்படி விட்டேன்.

அப்புறம் சில்லறைகள்.
துறை எண்ணின் வாலில் இடைவெளி வந்தாலும் ஏற்றுக்கொள்கிறது.
எழுபதாயிரமாவது துறைக்கும் சரி என்கிறது;
தாமிரபரணியே அவ்வளவு படி கட்டவில்லை.
முப்பத்திரண்டாம் வரியில்
பிழையோடு திரும்புகிறபோது
கடன் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தரவில்லை.
இருபத்திரண்டு பைட்.
ஒருநாளில் ஒன்றும் தெரியாது.

எட்டரைக்கு மூன்றாம் பதிப்பு வந்தது, கேஸ்கட்டுக்குப் பிறகு.
பையன் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.
சோதனைகளில் ஒன்றுக்கு
'குறுக்குத்துறை' என்று பெயர் வைத்திருந்தாள்.
அவளிடம் சொன்னது என் தப்பு.

மேசைக்கடியில் இரண்டு பெட்டிகள்.
ஒன்றினுள் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு
மற்றதன் முகவரியை அடைப்போடு தட்டினேன்.
பதினான்கு.
பதினைந்து.
பதினாறு
கொஞ்சம் யோசித்தது.
பதினேழு.

கீழே எழுதினேன்:
பார்த்தவர், ஆ. உலகம்மை.