வசூல் முகம்

செவ்வாய்க்கிழமை பல் துலக்கும்போது
கொப்பளித்த தண்ணீர் இடது ஓரமாய் ஒழுகியது.
கண்ணாடியில் பாதி ஆள் நான்.
மீதிப் பாதி
இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஏழாம் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்
பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நிலோஃபர்.
மூணு மாசத்தில் திரும்பிவிடும், பயப்படாதீங்க.
பயந்தேன்.
வலது புருவம் மட்டும் பயந்தது.

என் பிழைப்பே முகம்தான், மேடம்.
தவணை தவறிய வாசலில்
நெற்றியைச் சுருக்கி, தாடையை இறுக்கி
இரண்டு நொடி பேசாமல் நிற்பேன்.
அதற்குள் உள்ளே ஏறிவிடும்,
அடிபம்பில் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு அடிப்பதுபோல.
கோபம் வந்துதான் முகம் சுருங்குகிறது என்று
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

பிசியோதெரபியில்
ஈ சொல்லுங்க, ஊ சொல்லுங்க,
பலூன் ஊதுங்க.
சும்மாவே சிரிங்க, இருபது தடவை.
பதினேழாவதில்
பத்தாம் வகுப்பு ஜோக் ஒன்று
தானாக ஞாபகம் வந்தது.

லீவு இல்லை என்றது பைனான்ஸ்.
கொண்டலாம்பட்டி, தறி அதிரும் சந்து.
செங்கமலம், நாலு தவணை பாக்கி.
நின்றேன். சுருக்கினேன்.
பாதி நெற்றி மல்கோவாத் தோலாய்
வழுவழுவென்று கிடந்தது.
பணம் என்றேன்.
உதடு ஒட்டாமல் வணம் என்று வந்தது.
மறுபடி, வணம்.
தறிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்
சிரித்தேவிட்டான்.
அடித்துப் பார்த்தேன்.
பம்பு காற்றைத்தான் விட்டது.

மூடாத இடது கண்ணில்
பஞ்சுத்தூசி விழுந்து நீர் கொட்டியது.
அழுகை இல்லை அது, இமைக் கோளாறு.
செங்கமலம் தறியை நிறுத்தினாள்.
திடீரென்று காது காலியானது.
அழாதீங்கண்ணா, என்றாள்.

தொண்டை அடைத்தது.
கண்ணீர் முன்னமே வந்து நின்றிருந்தது.
காரணங்கள் பின்னால்தான் வந்தன,
தாமதமான டவுன் பஸ்போல
படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு:
ஓமலூரில் தூக்கிவந்த தையல் மெஷின்,
அதன் ஊசியில் இன்னும் கோத்திருந்த பச்சை நூல்,
அப்பா செத்த அன்று
எல்லாரும் எதிர்பார்த்தும் வராமல்போன ஒன்று.
பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு
சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.
குடித்ததில் பாதி சட்டையில்.

திரும்பும் வழியில்
சேர்வராயன் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது.
வண்டியை ஓரங்கட்டி
நோட்டை எடுத்து எழுதினேன்:
வீடு பூட்டியிருந்தது.