இடது சக்கரம்

நாற்பதில் தொடங்கும்.
தெருக்கோடியில் மாவு மில் ஓடுவது போல
ஒரு ஊஊஊ.
அறுபதில் மில் காருக்குள் வந்துவிடும்.

சில்க் போர்டில் கேட்காது.
அங்கே எந்தக் கார் நாற்பதைத் தொட்டது?
இரவு பதினொன்றுக்கு மேல்
ஓசூர் ரோடு மேம்பாலத்தில்தான் சோதிக்க முடியும்.
வலப்பக்கம் ஒடித்தால் ஏறுகிறது,
இடப்பக்கம் ஒடித்தால் தணிகிறது,
நியூட்ரலில் விட்டாலும் நிற்கவில்லை.
அப்போ என்ஜின் இல்லை.

"வலது முன்சக்கரம்" என்றேன்,
வில்சன் கார்டன் நயாஸிடம்.
அவன் பேசாமல் ஜாக்கி ஏற்றி
வலதைக் கையால் சுற்றிவிட்டு
ஸ்பிரிங்கில் இரண்டு விரல் வைத்தான்
நாடி பார்ப்பவன் மாதிரி.
எழுந்தான். ஆறிப்போன டீயைக் குடித்தான்.
எதிர்ப்பக்கம் போனான்.

"இங்க வைங்க சார் விரல."
வைத்தேன்.
கம்பிக்குள் மணல் ஓடியது.

பொன்னுக்குவீங்கி வந்தபோது போனது
என் இடது காது. ஒன்பது வயது.
அன்றிலிருந்து
குக்கர் விசில், இடி, யாரோ கூப்பிடும் என் பெயர்
எல்லாம் வலப்பக்கமிருந்துதான் வருகின்றன.
நயாஸிடம் இதைச் சொல்லவில்லை.
பேரிங் இரண்டாயிரத்து நூறு, கூலி தனி.

மறுபடி மேம்பாலம்.
எழுபதிலும் சத்தமில்லை.
இடது சீட்டில் ஹேமலதா,
உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிகிறது.
இறங்கியதும் வந்த சிக்னலில்
முழுக்கத் திரும்பி வலது காதைக் கொடுத்தேன்.

"ஒரு மாசமா சொல்றேன்,
என் காலுக்குக் கீழதான்னு."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
வலப்பக்கம்.