ஆயிரத்து நூற்று எழுபத்தொன்று

பகலில் நான் ஓட்டுவது பால் லாரி.
டிமாருவைச் சுற்றி நாற்பது பண்ணைகள்,
பதின்மூன்று லிட்டர் டீசல் எஞ்சின்.
அதன் ஒரே ஒரு சிலிண்டருக்குள்
என் டட்சனின் எஞ்சின் முழுசாகப் போய் உட்கார்ந்து
காலும் நீட்டிக்கொள்ளும்.

இரவில் இது.
ஆயிரத்து நூற்று எழுபத்தொன்று சிசி.
எழுபத்திரண்டாம் வருடத்து மஞ்சள் வண்டி,
கதவை அறைந்து சாத்தினால்
எதிர்க்கதவு திறந்துகொள்ளும்.

எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்:
"பெரிசா ஒண்ணத் தூக்கி வை, நோலீன்.
ரெண்டு லிட்டர், டர்போ. ஒரு வாரயிறுதி வேலை."
டெஸ்மண்டும் அதைத்தான் சொன்னான்
பெர்த்துக்கு விமானம் ஏறும் முன்.
அங்கே சுரங்கத்தில் லாரிச் சக்கரமே
எங்கள் வீட்டு உயரமாம்.
இருக்கட்டும்.

நான் தலையைக் கழற்றினேன்.
காற்று நுழையும் வழிகளை
விரல்நுனி தடுக்காதவரை தேய்த்தேன்.
பதினோரு இரவுகள்.
தொழிற்சாலை வாசலில் பால் மாதிரி எடுக்கும் பெண்
"முடியெல்லாம் மினுக்குதே, நேத்து பார்ட்டியா?" என்றாள்.
அலுமினியத் தூள்.
ஆமாம் என்றேன்.

கேம்ஷாஃப்ட் டனீடினிலிருந்து வந்தது,
மூன்று வாரச் சம்பளம்.
கடைந்து கொடுத்த ஐவர்
பெட்டிமேல் பென்சிலால் எழுதியிருந்தார்:
அளக்காமல் சுழற்றாதே.

அளக்கக் களிமண் வேண்டும்.
கோரியின் பச்சை டைனோசரிடம்
வாலைக் கடன் வாங்கினேன்; அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
பிஸ்டன் தலையில் அப்பி, மூடி, இறுக்கி,
ஸ்பேனரால் கையால் மெல்ல இரண்டு சுற்று.
திறந்தால் களிமண்ணில் வால்வின் பிறை.
பிளேடால் அறுத்து அளந்தேன்:
முக்கால் மில்லிமீட்டர்.
வேண்டியது ஒன்றரை.

ஏழாயிரம் சுற்றில் வால்வும் பிஸ்டனும்
முத்தமிட்டுக்கொள்ளும். அந்த முத்தத்துக்கு
இரும்புக்கடைக்காரன் கிலோ கணக்கில் விலை போடுவான்.

ஒன்றும் பேசாமல் போய்
பாத்திரம் கழுவினேன்.

பிறகு நான்கு பிஸ்டன்களையும் வெளியே எடுத்து
வால்வுக்கு இடம்விட்டுக் குழி செதுக்கினோம்,
நானும் ஜெரால்டின் பட்டறை லேத்தும்.
கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்து
எடை பார்த்தேன். மூன்றாவது மட்டும்
எப்போதும் இரண்டு கிராம் கூடுதல்.
எந்தக் குடும்பத்திலும் ஒன்று அப்படி இருக்கும்.
அடிவயிற்றில் சுரண்டிச் சுரண்டிச்
சமாதானத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட், உறைபனி, காலை ஆறு மணி.
முதலில் இருமல். பின்னால் சுட்டது.
டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினேன்.
ஒன்று மூன்று நான்கு இரண்டு
ஒன்று மூன்று நான்கு இரண்டு
தட்டுகள் அலமாரியில் எண்ணத் தொடங்கின.
கோரி பைஜாமாவோடு வந்து நின்றான்.
"அது ஏன் கோவமா இருக்கு?"
கோவமில்லடா, பசி.
"என் டைனோசர் வால் எங்க?"

பிளெசன்ட் பாயிண்ட் தாண்டிய நேர்ச்சாலையில்
முன்னால் ஒரு பால் லாரி. எங்கள் லாரி.
லோட்டு ஓட்டுகிறான்; பின்கதவு அழுக்கில்
விரலால் எழுதிய அவன் ரக்பி அணியின் பெயர்.
கண்ணாடியில் மஞ்சளைப் பார்த்துவிட்டான்,
இடப்பக்கம் விளக்கு சிமிட்டினான்: வா.

மூன்றாவது கியர்.
ஐயாயிரம் வரை ஒன்றுமில்லை, தையல் மெஷின்.
ஐயாயிரத்து ஐந்நூறில்
யாரோ உள்ளே ஒரு கதவைத் திறந்தார்கள்.
பின்சீட்டில் கோரி கத்தினான், சிரித்தானா அழுதானா
இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.
எங்கள் வலப்பக்கத்தை எதிர்வரிசை வேலிகள் உரச,
இடப்பக்கம் இருபதாயிரம் லிட்டர் பால்
பின்னோக்கி நகர்ந்தது.
லோட்டு ஹாரன் அடித்தான், நீளமாக,
கப்பல் போல.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன்.
சிமெண்ட் தரையில் ஒரு சொட்டு எண்ணெய்,
புதுசு, தேன் நிறம்.
எங்கிருந்து என்று தெரியவில்லை.
அட்டை ஒன்றை அடியில் தள்ளிவைத்துவிட்டு
வேலைக்குக் கிளம்பினேன்.