திருத்தம்

ஆசிரியர் சொன்னார்: அறுநூறு சொல்.
ஜாஸ் என்றால் என்னவென்று முதல் வரியிலேயே விளங்கப்படுத்து.
அரசியல் வேண்டாம், தேர்தல் நேரம்.
கடைசியில் நட்சத்திரம் போடு, ஐந்துக்கு எத்தனை என்று.

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவு மண்டபம்.
நூறு பிளாஸ்ரிக் கதிரை, நாற்பத்திரண்டு ஆள்,
அதில் ஏழு பேர் வாத்தியக்காரரின் உறவு.
எண்ணினேன். என் தொழிலில் பாதி எண்ணுவதுதான்.

டிலக்சன் மடிக்கணினியைத் திறந்தான்.
நிமிடத்துக்கு நூற்றிருபது, மயிரிழை பிசகாது.
பெடியன் கெட்டிக்காரன்:
அரிசி ஆலை இரைச்சலை வெட்டி ஒட்டி
அடிக்குரல் செய்திருந்தான்.
எனக்குப் பிடிக்கவில்லை.
களைக்கத் தெரியாத இசையில்
எனக்கு நம்பிக்கை இல்லை.

சாக்சபோன், அன்ரன் றொபின்சன்.
முருங்கன் ஆள், தேவாலய பாண்டில் பழகிய மூச்சு.
நல்லாய்த்தான் ஊதுகிறான், நிறுத்தத்தான் தெரியாது.
தன் சுற்று முடிந்த பிறகும்
மைக்கை விடாமல் இன்னொரு சுற்று,
பின்னால் நிற்பவர்கள் தாளம் மாற்றிவிட்டது தெரியாமல்
பழைய தாளத்துக்கே தலையாட்டிக்கொண்டு.
இது இசை விமர்சனம்.
இதில் நீங்கள் யாரையாவது கண்டால்
நான் பொறுப்பில்லை.

ட்றம்ஸ், சுகிர்தா.
ஆறு வருடம் முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவள்.
கம்பித் தூரிகையைத் தோல்மேல் இழுத்தாள்.
மண்ணை விரல்கடை விரல்கடையாய்
விலக்கிப் பழகிய கை.
அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் பொறுத்தாள்.
"இந்த இடைவெளி" என்று எழுதத் தொடங்கி
வெட்டிவிட்டேன்.
எனக்கு உவமை, அவளுக்குச் சம்பளம்.

அப்போதுதான் ஏ-நைன் வீதியால் அந்த ஆட்டோ வந்தது,
கூரையில் இரண்டு ஒலிபெருக்கி.
எந்தக் கட்சி என்று கேளாதீர்கள்,
மூன்று கட்சிக்கும் ஒரே பீற், ஒரே குரல்;
வாசிக்கிறவன் நாட்கூலி, அவனைக் குறை சொல்ல ஏலாது.
அன்ரன் ஊதுவதை நிறுத்தினான்.
டிலக்சன் சத்தத்தைக் கூட்டினான்.
சுகிர்தா மட்டும் காது கொடுத்தாள்.

அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே
அவன் மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு தட்டு, சின்னதாய்.
உங்கள் காணி உங்களுக்கே
தட்டு.
மண்டபம் கொல்லென்று சிரித்தது.
காணாமல் போன பிள்ளைகளுக்கு நீதி
கை மேலே போனது.
கீழே வரவில்லை.
ஆட்டோ பரந்தன் பக்கம் போய்த் தேய்ந்தது.
பாதிச் சிரிப்பில் இருந்த நாங்கள்
மீதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தோம்.

இனி என் கதை. அறுநூறு சொல்லுக்குள் அடங்காதது.
தொண்ணூற்றாறு, மல்லாவி.
கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை.
சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி
டைனமோவில் வயர் கொழுவி நான் மிதிக்க
ஒரு கசெற் பாடும்.
அட்டை இல்லை, ஊதியது யாரென்று தெரியாது.
நாலாவது நிமிடத்தில் அந்த சாக்சபோன் தழுதழுக்கும்.
அந்தத் தழுதழுப்பை வைத்து
இருபது வருடம் எழுதினேன்.
துயரத்தின் சுருதி என்றேன்.
ஒடுக்கப்பட்டவனின் மூச்சு என்றேன்.
ஒரு கருத்தரங்கில் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

போன மாசியில் இந்த டிலக்சன்தான்
அதே பதிவைத் தேடிப் பிடித்துத் தந்தான், சுத்தமாக.
நாலாவது நிமிடம்.
மனிதர் நேரே ஊதிக்கொண்டு போகிறார்.
சந்தோஷமாகக்கூட இருக்கிறார்.

ஆசிரியர் ஆட்டோவை வெட்டிவிட்டார்.
நட்சத்திரம் எங்கே என்று இரண்டு தரம் போன் எடுத்தார்.
அந்த இடத்துக்கு, பெட்டி கட்டி,
சின்ன எழுத்தில் இதைப் போடச் சொன்னேன்:

இந்தப் பத்தியில் பல தடவை
குறிப்பிடப்பட்ட அழுகை
கலைஞருடையது அல்ல.
விமர்சகரின் வலது முழங்காலுடையது.
தவறுக்கு வருந்துகிறோம்.