பஞ்சு அடைப்பு

முதல் பெருமழை ஓய்ந்த சாயங்காலம்
வடாலா ரோடு ஸ்டேஷனில் இரண்டாம் பிளாட்பாரத்தில்
டியூப்லைட்டுக்குக் கீழே
இறகை உதிர்த்துவிட்டு அலைந்துகொண்டிருந்தாள்.
டிபன் டப்பாவின் ஊறுகாய்க் கிண்ணத்தில் அள்ளிவந்தேன்.
எதற்கு என்று செல்வின் கேட்டார்.
அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

ஒரு சோதனைக்குழாய், அடியில் தண்ணீர்,
தண்ணீருக்கு முன்னால் ஈரப் பஞ்சு,
வாய்க்கு இன்னொரு பஞ்சு.
சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி
ரேஷன் கார்டு வைக்கும் இழுப்பறைக்குள்.
எறும்புக்குச் சிவப்பு என்றால் இருட்டாம்.
ஒன்றும் கொடுக்கக் கூடாதாம்.
பறக்க வைத்திருந்த தசையைக் கரைத்தே
பிள்ளை வளர்ப்பாளாம்.
படித்த அன்று முட்டைகளை எண்ணினேன். ஒன்பது.
மறுநாள் ஏழு.
இரண்டை அவளே தின்றிருந்தாள்.
செல்வினிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் முதல் மூன்று பேர் வந்தார்கள்,
கடுகில் பாதி இடுப்போடு.
தேன் ஒரு சொட்டு வைத்தேன்.
குடித்தார்கள். பிறகு
பஞ்சிலிருந்து ஒரு நார், குப்பையிலிருந்து ஒரு துகள்,
அம்மாவின் பழைய இறகில் ஒரு துண்டு என்று
கொண்டுவந்து கொண்டுவந்து
தேனை மூடிவிட்டார்கள்.
பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார் செல்வின்.
மிச்சத்தை யாருக்கும் தெரியாமல் புதைக்கிறார்கள் என்றேன் நான்.
இரண்டு பேருமே
எங்கள் வீட்டு வழக்கத்தைத்தான் சொன்னோம்.

டிசம்பரில் முப்பத்தொரு பேர்.
குழாயில் தண்ணீர் வற்றி
பஞ்சில் கறுப்புப் பூஞ்சை.
அந்த மாதம்தான் எங்கள் சொசைட்டியிலும்
ரீடெவலப்மென்ட் கூட்டம்.
பில்டரின் ஆள் மேஜைமேல் ஒரு குட்டிக் கட்டடத்தை வைத்தான்,
ஸ்பாஞ்சு மரங்களோடு.
பாட்கர் குனிந்து தன் ஜன்னலைத் தேடினார்.

லிஃப்ட் மெக்கானிக் கை சும்மா இருக்குமா?
கழற்றிப்போட்ட பேனல் மூடியை அறுத்து
நான்கு அறை, ஒரு நடை, ஈரத்துக்குத் தனிக் குழி,
காற்றுக்கு ஊசித்துளை.
இரண்டு ஞாயிற்றுக்கிழமை.
பழைய குழாயை அதோடு பொருத்தி
குழாய்மேல் மட்டும் டார்ச் அடித்து வைத்தார்.
வெளிச்சம் பட்டால் கிளம்பிவிடுவார்களாம்.

ஒருத்தி போய்ப் பார்த்து வந்தாள்.
வந்தவள் இன்னொருத்தியின் தாடையைக் கவ்வினாள்.
கவ்வப்பட்டவள் எதிர்க்கவில்லை;
கால்களைச் சுருட்டி
மடக்கிய குடைபோல் தொங்கினாள்.
அப்படியே சுமந்துபோய்
புது அறையில் இறக்கிவிட்டுத் திரும்பினாள்.
இரவு இரண்டு மணிக்கு ராணியையும் தள்ளிக்கொண்டு போனார்கள்.
எங்களுக்குக் கல்யாண வீட்டுக் களைப்பு.
அப்படியே படுத்துவிட்டோம்.

காலையில் எல்லாரும் பழைய குழாயில்.
புது வீட்டில், மூலை அறையில்,
செத்த இரண்டு பேரும்,
நான் வைத்த கொசுவின் கால்களும்,
காலிக் கூடுகளும்
ஒழுங்காய்க் குவிந்திருந்தன.
செல்வின் வெகுநேரம் பார்த்தார்.
'குப்பைத்தொட்டியா கட்டினேன்' என்றார்.
பிறகு சிரித்தார், பல் தேய்க்கும்போது மறுபடி சிரித்தார்.

இன்னும் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
அதற்கு அவர்கள் செய்தது எந்தப் பக்கத்திலும் நான் படிக்காதது.
பூஞ்சை பிடித்த பஞ்சை நார்நாராய்ப் பிய்த்து
குழாயின் வாயில்
உள்ளேயிருந்து ஒரு திரை நெய்தார்கள்.
ஒரு ஆள் போகுமளவு ஓட்டை விட்டார்கள்.
மூன்றாம் நாள் அதையும் அடைத்தார்கள்.

சம்மதப் படிவம் ஃபிரிட்ஜ்மேல் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை கடைசி.
பாட்கர் இரண்டு தடவை பெல் அடித்துவிட்டார்.
இரவு, சிவப்புத் தாளை விலக்கி எண்ணுகிறேன்:
முப்பது.
ஒருத்தி குறைகிறாள்.

புது வீட்டில் இருக்கிறாள்.
யாரும் தூக்கிக்கொண்டு போகாதவளோ
தூக்க விடாதவளோ தெரியவில்லை.
முதல் அறைக்குள் போகிறாள், உணர்கொம்பைத் துடைக்கிறாள்,
இரண்டாவதற்குப் போகிறாள்,
குப்பை அறை வாசலில் நின்று திரும்புகிறாள்,
நான்காவதில் நடுவாக நிற்கிறாள்.
டார்ச்சை அணைத்துவிட்டேன்.
ஒரு சொட்டுத் தேன் வைத்திருக்கிறேன்.
மூட அவளிடம் ஒன்றும் இல்லை.